சொந்த டேப்லெட்டா, ஹாலில் ஒரே லேப்டாப்பா?

பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் நான்காம் வகுப்பு. போன வருடம் பெரியவளுக்கு 14,000 ரூபாயில் ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கிக் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து "எனக்கு எப்போ?" என்று சின்னவன் ஆரம்பித்தான். இன்னொரு டேப்லெட் வாங்காமல், மேலே கொஞ்சம் காசு போட்டு ஒரு லேப்டாப் வாங்கி ஹாலில் வைத்துவிட்டோம். டேப்லெட் இப்போது பீரோவில். இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில், நான் லேப்டாப் கட்சி.

கண், தூக்கம் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. டேப்லெட்டில் நல்லதும் இருந்தது: படம் வரைவாள், யார் சொல்லாமலும் தானே சார்ஜ் போடுவாள். தன் பொருள் என்ற அக்கறை.

என்னைக் கவிழ்த்தது காவல் வேலை. பிள்ளைகளின் டேப்லெட்டைப் பெற்றோர் போனிலிருந்தே கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், இரவு 9 மணிக்குப் பூட்டு என்று வைத்தேன். வைக்க அரை மணி நேரம்தான் ஆனது. அதற்கப்புறம் தினமும் வேலை. புது ஆப் போட வேண்டுமென்றால் அனுமதி கேட்டு என் போனுக்கு வரும். சாயங்காலம் நான் ஆபீசில் இருக்கும்போது பெரியவள் அவள் அம்மாவின் போனிலிருந்து கூப்பிடுவாள்: "அப்பா, சயின்ஸ் ப்ராஜெக்ட், இன்னும் முப்பது நிமிஷம்." ப்ராஜெக்ட்தானா என்று அங்கே உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரியும்? கொடுத்தால் பழகிவிடும், மறுத்தால் வீட்டில் சண்டை. போதாததற்கு, சின்னப் பிள்ளைக் கணக்கு என்பதால் டீச்சர் அனுப்பிய யூடியூப் லிங்க் சிலது திறக்காது. உடனே அம்மாவின் போனை வாங்கிக்கொள்வாள். பூட்டுப் போட்ட டேப்லெட் மேஜையில், பூட்டே இல்லாத போன் கையில்!

லேப்டாப்பில் ஆளுக்கொரு கணக்கு. நிர்வாகக் கணக்கு என்னிடம், புதிதாக மென்பொருள் போட பெரும்பாலும் என் பாஸ்வேர்டு வேண்டும். அவ்வளவுதான் நான் செய்தது. மீதியை அது இருக்கும் இடம் பார்த்துக்கொள்கிறது. அடுக்களையிலிருந்து யார் வந்தாலும் திரை நேராகத் தெரியும். பெரியவர்கள் நாங்கள் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை, ஆனாலும் வேறு எங்கோ போய்விட்டுச் சட்டென்று மூடுகிற பழக்கம் நின்றுவிட்டது.

சண்டை உண்டு, இல்லாமல் என்ன. பரீட்சை சமயத்தில் இருவருக்கும் ஏழு மணிக்குத்தான் வேண்டும். ஃபிரிட்ஜில் நேரம் எழுதி ஒட்டினோம், பாதி நாள் அதன்படி நடக்கும். தோழிகளோடு பேசும்போது தம்பி தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான் என்பது பெரியவளின் புகார். நியாயமான புகார்தான், என்னிடம் பதில் இல்லை.

லேப்டாப்புக்குப் பதில் டேப்லெட்டையே பொதுவாக வைக்க நினைப்பவர்கள் வாங்கும்முன் ஒன்று பாருங்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட் பலவற்றில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைக்கலாம். வீட்டு ஐபேடில் அந்த வசதி இல்லை, ஒருவர் பார்த்தது அடுத்தவருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் என் அம்மா ஹாலிலேயே இருப்பார். இருவரும் வேலைக்குப் போய், பிள்ளைகள் தனியாக இருக்கிற வீட்டில் இது எவ்வளவு எடுபடும் என்று சொல்லத் தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பு, நீட் கோச்சிங் என்று வந்தால் ஒரே லேப்டாப் போதுமா என்பதும் அப்போதுதான் தெரியும். பத்தாவது முடியட்டும், பேசலாம் என்று பெரியவளிடம் சொல்லியிருக்கிறேன். "பேசலாம்னா வாங்கித் தருவீங்கன்னு அர்த்தமா?" என்று கேட்டாள்.