வீட்டிலேயே செய்யும் பண்டிகைப் பரிசுகள்: எது நிஜமாகவே எளிது?

"எளிதான கைவேலை" என்று சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரு கணக்கைத்தான் பார்க்கின்றன: கலந்து, உருட்டி, முடிக்க எத்தனை நிமிடம். குடும்பமாக உட்கார்ந்து செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு கணக்கு உண்டு. செய்த பொருள் காய்ந்து பதமாக எத்தனை நாள் பிடிக்கும்? அந்த வேலையில் குழந்தையின் கைக்கு என்ன பங்கு கிடைக்கும்? சோயா மெழுகை ஒரு மணி நேரத்தில் ஊற்றி முடித்துவிடலாம். ஆனால் மணம் நன்றாகப் பிடிக்க இரண்டு வாரம் வேண்டும், குழந்தை தள்ளி நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். இந்த மூன்று கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கும் பரிசுகளில் எதை எடுப்பது என்று தெளிவாகிவிடும். கீழே வரும் அளவுகளில் ஒரு கப் என்பது 240 மி.லி.

உப்பு மாவா, சோடா மாவா?

தொங்கவிடும் அலங்காரங்கள், பெயர்ச்சீட்டுகள், குழந்தையின் கைத்தடம் ஆகியவற்றுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். இரண்டும் சமையலறைச் சாமான்தான் என்றாலும் குணம் முற்றிலும் வேறு.

உப்பு மாவுக்கு 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர். மாவைப் பிசையும்போது வேண்டுமானால் இன்னும் கால் கப் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். எட்டு முதல் பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். இதைக் குறைத்தால் தேய்க்கும்போது ஓரங்கள் பிளக்கும். பேக்கிங் பவுடர் கலந்த மாவு வேண்டவே வேண்டாம், ஓவனில் வீங்கிவிடும். கல் உப்பு போட்டால் மேலே மணல் தேய்த்தாற்போல் சொரசொரப்பாக வரும்.

சோடா மாவுக்கு 2 கப் சமையல் சோடா, 1 கப் கார்ன்ஃப்ளார், ஒன்றேகால் கப் தண்ணீர். மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். சில நிமிடங்களுக்கு எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு அடியில் கெட்டியாகத் தொடங்கி, மசித்த உருளைக்கிழங்கு பதத்துக்குச் சட்டென்று திரளும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். முன்பே இறக்கினால் மாவுச்சத்து வேகாமல் கையில் ஒட்டும், காய்ந்தபின் உதிரும். தாமதித்தால் ஈரம் வற்றி, தேய்க்கும்போதே வெடிப்பு விடும். இறக்கியதும் ஈரத்துணியால் மூடி ஆறவிட்டுப் பிசையுங்கள். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. ஆறியபின் எல்லாம் குழந்தைகளுடையது.

இரண்டையும் 5 முதல் 6 மி.மீ. கனத்துக்குத் தேய்க்க வேண்டும். வேலை செய்யும் இடத்திலேயே ஒரு பேக்கிங் தாளைப் போட்டு அதன்மேல் தேய்த்து, அச்சால் வெட்டி, சுற்றியிருக்கும் மிச்ச மாவை மட்டும் எடுத்துவிடுங்கள். வெட்டிய வடிவத்தைக் கையால் தூக்கினால் நட்சத்திரத்தின் முனைகள் நீண்டு கோணலாகும். தொங்கவிடும் துளையை உறிஞ்சுகுழாயால் ஈரமாக இருக்கும்போதே போடுங்கள், விளிம்பிலிருந்து குறைந்தது 1 செ.மீ. உள்ளே. காய்ந்தபின் துளை போட முயன்றால் இரண்டுமே உடையும்.

காய வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உப்பு மாவை 100 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வைத்து, பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி நடுவில் கொப்புளம் கிளப்பும், ஓரம் பழுப்பாகும். ஓவன் இல்லாமல் காற்றில் காய்வதற்கு மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். சோடா மாவு காற்றிலேயே ஒன்று அல்லது இரண்டு நாளில் காயும். தினம் இரண்டு முறை திருப்பினால் ஓரம் மேலே வளையாது. சோடா மாவை ஓவனில் வைத்தே ஆக வேண்டுமென்றால் 80 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சூடு ஏற ஏற சோடா சிதைந்து கார்பன் டை ஆக்சைடு விடும், மேற்பரப்பில் குமிழ் வரும்.

இலை நரம்பு, பின்னல் துணி, பொத்தான் போன்ற நுணுக்கமான பதிவுகளுக்குச் சோடா மாவுக்கு இணையில்லை. வெள்ளை வெளேரென்று, பளிங்குபோல் வழவழப்பாக வரும், வண்ணமே தேவைப்படாது. ஆனால் மெல்லிய முனைகள் சுலபமாக ஒடியும். தபாலில் போகும் பரிசுக்கும், குழந்தையின் முழுக் கைத்தடம் போன்ற பெரிய பொருளுக்கும் உப்பு மாவே தாங்கும். அதன் பலவீனம் ஈரம். உப்புக்கு நீர்விடும் குணம் போகாது, மழைக்காலத்தில் பொருள் மெதுவாக இளகிவிடும். அதனால் முழுதாகக் காய்ந்தபின் முன்பக்கம், பின்பக்கம், துளையின் உள்பக்கம் என எல்லா இடத்திலும் வார்னிஷ் இரண்டு பூச்சு தேவை. உள்ளே ஈரம் இருக்கும்போதே பூசினால் அது வெளியேற வழியில்லாமல் பூச்சு உரிந்து வரும். வண்ணத்துக்கு அக்ரிலிக் எடுங்கள். நீர் அதிகமுள்ள வாட்டர் கலர் மேலிருக்கும் உப்பைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கும்.

வீட்டில் நாய் இருந்தால் இரண்டையும் எட்டாத உயரத்தில்தான் மாட்ட வேண்டும். உப்பு மாவைக் கடித்துத் தின்ற நாய்க்கு உப்பு நஞ்சாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பரிசு பெறுபவர் வீட்டில் நாய் இருந்தாலும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

சுருட்டும் மெழுகுவர்த்தியா, ஊற்றும் மெழுகுவர்த்தியா?

தேன்மெழுகுத் தகட்டைத் திரியின் மேல் சுருட்டுவதும், சோயா மெழுகை உருக்கிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுவதும் மெழுகுவர்த்தி என்ற பெயரில் மட்டும்தான் ஒன்று.

சுருட்டுவதற்கு அடுப்பே வேண்டாம். தகட்டின் ஓரத்தில் திரியை வைத்து, மேலே 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, முதல் சுற்றைத் திரியோடு இறுக்கி மடக்க வேண்டும். எல்லாமே அந்த முதல் சுற்றில்தான் இருக்கிறது. அங்கே இடைவெளி விழுந்தால் திரிக்குப் போதிய மெழுகு கிடைக்காமல் சுடர் தடுமாறும், சுற்றுகளுக்கு நடுவே காற்று நின்றால் வேகமாக எரிந்து ஒரு பக்கமாக வழியும். தகடு குளிர்ந்திருந்தால் மடிக்கும்போது ஒடியும். முடி உலர்த்தும் கருவியைத் தூரத்தில் பிடித்துச் சில நொடி வெதுவெதுப்பாக்கினால் துணிபோல் வளையும். தகட்டைக் குறுக்காக வெட்டி முக்கோணமாக்கிச் சுருட்டினால் படிப்படியாகக் குறுகும் கூம்பு வடிவம் வரும். நான்கு வயதுக் குழந்தையும் இதை முழுதாகத் தன் கையால் செய்ய முடியும், அன்றைக்கே பரிசாகக் கொடுக்கலாம்.

ஊற்றும் வகைக்கு 300 கிராம் சோயா மெழுகு எடுத்தால் வாசனை எண்ணெய் 18 கிராம், அதாவது 6 சதவீதம். கொதிக்கும் நீருள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 80 டிகிரி வரை உருக்கி, வாசனையைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழ் சேரும். 60 டிகிரி அளவுக்கு ஆறியதும், திரியை நடுவில் துணிக்கிளிப்பால் நிறுத்தி வைத்த குவளையில் ஊற்றுங்கள். மேலே பள்ளமோ சொரசொரப்போ விழுந்தால் சூடான காற்றைக் காட்டி மேற்பரப்பை மட்டும் உருக்கிச் சரிசெய்யலாம். வெண்மையாகப் பூத்ததுபோல் தெரிவது சோயா மெழுகின் இயல்பு, கெட்டுப்போனதன் அறிகுறி கிடையாது.

இதில் பெரும்பாலும் தவறுவது திரியின் அளவு. குவளையின் விட்டத்துக்கு ஏற்ற திரி வேண்டும். சிறிய திரி நடுவில் மட்டும் குழி பறித்து இறங்கும், பெரிய திரி புகை கக்கிக் கண்ணாடியைக் கறுப்பாக்கும். சூடு தாங்கும் குவளையாகவும் இருக்க வேண்டும், மெல்லிய குடிநீர் டம்ளர் எரியும்போது வெடிக்கலாம். அடுப்பின் மேல் நேரடியாக மெழுகை வைக்காதீர்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றினால் தீ பாய்ந்து பரவும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குச் சுருட்டும் வகையைத்தான் பரிந்துரைப்போம், தயங்காமல். சோயா, பதின்ம வயதினரும் பெரியவர்களும் இரண்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அதைக் கொடுக்கும்போது ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: முதல்முறை ஏற்றும்போது மேற்பரப்பு ஓரம்வரை உருகும் வரை அணைக்க வேண்டாம், ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியை 5 மி.மீ. அளவுக்கு நறுக்கவும்.

சோப்பில் போட்டியே இல்லை

எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து அடியிலிருந்து செய்யும் சோப்பு அருமையானதுதான். ஆனால் காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரித்துவிடும், கட்டி பதமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழந்தைகளோடு செய்யும் வேலைகளில் அதற்கு இடமில்லை. எஞ்சியிருப்பது, ஏற்கெனவே சோப்பாகிவிட்ட கிளிசரின் கட்டியை உருக்கி வார்ப்பது.

500 கிராம் கட்டியை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, மைக்ரோவேவில் 20 முதல் 30 நொடி வீதம் விட்டு விட்டு உருக்குங்கள். கொதிக்க விட்டால் நீர் வற்றி, சோப்பு ரப்பர்போல் ஆகிவிடும். தோலுக்கு ஏற்ற வாசனை எண்ணெய் 5 முதல் 10 கிராம் போதும். சிலிக்கான் அச்சில் ஊற்றியதும் மேலே வரும் நுரைக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஒரு தெளிப்புத் தெளித்தால் உடனே அடங்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

இரண்டு நிற அடுக்கு வேண்டுமா? முதல் அடுக்கின் மேல் ஆடை கட்டி, விரலால் தொட்டால் ஒட்டாமல் லேசாக நடுங்கும் நேரம்தான் சரியான நேரம். அப்போது மறுபடி ஆல்கஹால் தெளித்து, 50 டிகிரி அளவில் இருக்கும் இரண்டாவது அடுக்கை ஊற்றுங்கள். அதிகச் சூடாக ஊற்றினால் கீழ் அடுக்கைத் துளைத்துக் கலந்துவிடும். கீழ் அடுக்கு முழுதாக ஆறிவிட்டாலோ, குளிக்கும்போது சோப்பு இரண்டாகப் பிரிந்து கையில் வரும்.

பழத்துண்டு, பால், புதுப் பூ எதையும் போடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காய்ந்த இதழ்களும் சில நாளில் பழுப்பேறும். காலெண்டுலா இதழ் மட்டும் நிறம் மாறாமல் நிற்கும். அச்சிலிருந்து எடுத்ததும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துச் சோப்பின்மேல் முத்து முத்தாக வியர்க்கவைக்கும். அழகுக்காகக் காகிதத்தில் மட்டும் பொதிந்தால் காகிதம் நனைந்து ஒட்டிக்கொள்ளும்.

குளியல் குண்டா, சர்க்கரை ஸ்கிரப்பா?

தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் குளியல் குண்டு குழந்தைகளுக்குக் கொள்ளைப் பிரியம். அதற்கேற்ப அடம்பிடிக்கவும் செய்யும். அளவு: சமையல் சோடா 200 கிராம், சிட்ரிக் அமிலம் 100 கிராம், கார்ன்ஃப்ளார் 50 கிராம், ஏதாவது ஒரு தாவர எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பொடிகளைச் சலித்து, எண்ணெயை விரவி, தண்ணீரை ஸ்பிரே பாட்டிலால் ஒரு தெளிப்பு, உடனே கலக்கல், மறுபடி ஒரு தெளிப்பு என்று சேர்க்க வேண்டும். கரண்டியால் ஊற்றினால் கிண்ணத்திலேயே நுரைத்து வீணாகும்.

பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து முஷ்டியில் இறுக்குங்கள். கை விரித்ததும் விரல் தடத்தோடு உருண்டையாக நிற்க வேண்டும். ஒரு விரலால் தட்டினால் பெரிய துண்டுகளாக உடைய வேண்டும். பொடியாகக் கொட்டினால் இன்னும் ஒரு தெளிப்பு தேவை. உருண்டை மெல்ல உப்பினால் தண்ணீர் கூடிவிட்டது. அதைத் திருத்த வழியில்லை, உதிர்த்துக் காயவைத்துக் குளியல் பொடியாகக் கொடுத்துவிடலாம். திரவ உணவு நிறத்திலும் நீர் இருக்கிறது என்பதால் பொடி நிறமே நல்லது. சிட்ரிக் அமிலத் தூள் மூக்கில் ஏறினால் எரியும், கையில் கீறல் இருந்தால் சுள்ளென்று பிடிக்கும், ஆகவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அச்சில் அழுத்தி எடுத்து ஒரு நாள் காய்ந்தால் போதும், ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இந்த வேலையில் இறங்காதீர்கள். காய்வதற்குப் பதில் ராத்திரியெல்லாம் மெதுவாக வினைபுரிந்து, காலையில் மேலெல்லாம் பருக்களோடு நிற்கும்.

குளிக்கும்போது தோலில் தேய்த்துக் கழுவும் சர்க்கரை ஸ்கிரப்பில் கெடுவதற்கு அதிகமில்லை. பொடிசான சர்க்கரை 1 கப், எண்ணெய் அரை கப், தோலுக்கு ஏற்ற நறுமண எண்ணெய் 10 முதல் 15 துளி. மூன்று வயதுக் குழந்தைகூடக் கிளறலாம். தேங்காய் எண்ணெய் எடுத்தால் 24 டிகிரிக்குக் கீழே இறுகிக் கல்லாகும், குளிர்ந்த நாளில் வேறு திரவ எண்ணெய் நல்லது. இதில் தண்ணீர் இல்லாததால்தான் கெடாமல் இருக்கிறது. ஈரக் கையை உள்ளே விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எனவே பாட்டிலோடு ஒரு சின்னக் கரண்டியைக் கட்டிக் கொடுங்கள். வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்று சொல்வதுண்டு. அது எண்ணெய் சிக்குவாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், பூஞ்சையைத் தடுக்காது. செய்த தேதியோடு, "குளியலறைத் தரை வழுக்கும், கவனம்" என்பதையும் சீட்டில் எழுத மறக்க வேண்டாம்.

வறண்ட காற்றும் பொறுமையான ஒரு பெரியவரும் இருந்தால் குண்டைச் செய்யுங்கள், அதன் சந்தோஷமே தனி. இல்லாவிட்டால் ஸ்கிரப்தான்.

கட்டிவைக்கும்போது இவற்றை ஒரே பெட்டியில் அப்படியே அடுக்காதீர்கள். சோப்பின் வாசனை மெழுகில் ஏறும், சோப்பு இழுக்கும் ஈரம் குளியல் குண்டை உப்பவைக்கும். குண்டுகளைத் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, ஸ்கிரப் பாட்டிலை நிமிர்த்தி ஓரத்தில் வைத்து, மாவு அலங்காரங்களைக் கடைசியாக எல்லாவற்றுக்கும் மேலே, கசக்கிய காகிதத்துக்கு நடுவே வையுங்கள்.