இசுசு வி-கிராஸின் 2.5 லிட்டர் டீசல் என்ஜின்: கரடுமுரடுப் பந்தயத்துக்கு எதுவரை தாங்கும்?

இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-இல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது அதன் பானட்டுக்குள் இருந்தது 4ஜேகே1 என்னும் 2,499 சிசி டீசல் என்ஜின். சென்னைக்கு வடக்கே, தடாவையடுத்த ஸ்ரீசிட்டியில் தயாரான அந்த வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தையில் கிடைப்பதால், ராலிக்கென ஒரு பிக்கப்பைத் தயார் செய்ய விரும்பும் சென்னைக்காரர்கள் பலரின் கண் அதன்மேல் விழுகிறது. அப்படி ஒன்றைத் தயார் செய்து ஓட்டி வருபவன் என்ற முறையில், அந்த என்ஜினையும், அதற்கு இந்த நகரத்தில் கிடைக்கும் பட்டறை வேலையின் தரத்தையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

தொழிற்சாலைக் கணக்கின்படி நிமிடத்துக்கு 3,600 சுற்றில் 134 குதிரைசக்தி. 1,800 முதல் 2,800 சுற்று வரை 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த என்ஜினின் அருமை விளங்கும். 3,600 சுற்றில் 134 குதிரைசக்தி என்றால், அவ்விடத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ 265-க்கு இறங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சரிவை நிரப்பி, 320-ஐ அப்படியே 3,600 சுற்று வரை கொண்டுபோனால் கிடைப்பது ஏறத்தாழ 162 குதிரைசக்தி. இந்தக் கூடுதல் 28 குதிரைசக்திக்காக கியர்பாக்ஸும் கிளட்சும் பின் ஆக்சிலும் தாங்க வேண்டிய உச்ச முறுக்கு சிறிதும் கூடுவதில்லை. பல நாள் ஓடும் ராலிக்கு நான் பரிந்துரைக்கும் எல்லை இதுதான். இதற்கு மேல் 200 என்றும் 220 என்றும் ஆசை காட்டுபவர்கள் உண்டு. அந்த எண்கள் என்ஜின் திறனை அளக்கும் டைனோ அறையில் சில விநாடிகளுக்கு உண்மையாகவே இருக்கலாம். மணற்பாங்கான ஒரு கட்டத்தில் இரண்டாம் கியரில் இருபது நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டிவரும்போது அவற்றுக்கு மதிப்பில்லை.

மாற்று வழிகளையும் எண்ணிப் பார்த்தேன். அமெரிக்காவின் பாலைவனப் பந்தய வண்டிகளைக் காணொளியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எட்டு சிலிண்டர் வி8 பெட்ரோல் என்ஜின்தான் கனவு. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்3, 6.2 லிட்டரில் 2008 கார்வெட்டில் 430 குதிரைசக்தி தந்தது. அதன் வலிமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஜெய்சல்மேரில் இரவு பத்து மணிக்கு அதற்கு ஒரு வாட்டர் பம்ப் தேவைப்பட்டால் எங்கே போவது? சாலைப் பதிவுள்ள வண்டியில் வேறு வகை என்ஜினைப் பொருத்துவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எளிதில் முடியும் காரியமும் அன்று. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எனினும் ஒரு டன் எடைகூட இல்லாத வண்டிக்குப் போதுமான அதன் 80 குதிரைசக்தி, இரண்டு டன்னை நெருங்கும் பிக்கப்புக்குப் போதாது.

மெய்யான போட்டி இசுசுவின் சொந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2021 முதல் வரும், பிஎஸ்-6 மாசு விதிக்கு உட்பட்ட வி-கிராஸின் 1.9 லிட்டர் என்ஜின் தொழிற்சாலையிலிருந்தே 120 கிலோவாட் தருகிறது, அதாவது நான் மேலே சொன்ன 162 குதிரைசக்தியை ஒட்டிய அளவு. பிறகு பழைய 2.5-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன் என்று கேட்கலாம். அதே 120 கிலோவாட்டை எடுக்க 1.9 லிட்டர் என்ஜின் லிட்டருக்கு 63 கிலோவாட் உழைக்கிறது, 2.5 லிட்டர் என்ஜினுக்கு 48 போதும். பிஸ்டன் பெரிது என்பதால், அதன் பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமக்கும் வெப்பமும் அழுத்தமும் குறைகின்றன. புகைக்கரி வடிகட்டி முதலான பிஎஸ்-6 அமைப்புகள் இல்லாததால் வெளிப்போக்குக் குழாய் வழியும் எளியது. நகரத்தில் அன்றாடம் ஓட்ட 1.9-ஐத்தான் தேர்வேன், பந்தயத்துக்கு அதைத் தேர மாட்டேன்.

இனி அடிப்படை வேலை. பழைய வண்டி கைக்கு வந்ததும் முதலில் சிலிண்டர்களின் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் சோதனையும், அந்த அழுத்தம் எங்கே கசிகிறது என்று காட்டும் லீக்-டவுன் சோதனையும் பார்க்க வேண்டும். அதன் பிறகே என்ஜினைப் பிரிப்பதா வேண்டாமா என்ற பேச்சு. சென்னைப் பட்டறைகளில் என்ஜினை இறக்கியவுடன் சிலிண்டரை அகலக் குடைந்து போர் போட்டுவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. சிலிண்டரின் விட்டம் 95.4 மில்லிமீட்டர், பல இடங்களில் அளந்து பார்த்துத் தேய்மானம் எல்லைக்குள் இருந்தால் உட்சுவரை நுண்கல்லால் லேசாகத் தேய்க்கும் ஹோனிங் மட்டும் செய்து புதிய ரிங் போடுவதே மேல், ஏனெனில் தொழிற்சாலை அளவுப் பிஸ்டன் எங்கும் கிடைக்கும், ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு அலைய வேண்டிவரும். பாடியிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்காகவே வேலை செய்து பழகிய லேத் பட்டறைகள் உள்ளன. கிராங்க் கிரைண்டிங்கும் ஹெட் ஃபேசிங்கும் அங்கே செய்யப்படும் துல்லியம், அந்தக் கூலிக்கு வியப்பூட்டுவது. ஆனால் ஹெட் போல்ட் இறுக்கத்தைப் போலவே சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும் தடித்த தகட்டைப் பிளாக்கின்மேல் பூட்டி ஹோனிங் செய்யும் இடம் அரிது. "அந்தத் தகட்டுக்குத் தனியா வரைபடம் போட்டு வெட்டணும் சார், ஒரு என்ஜினுக்காக யாரு செய்வா?" என்று கேட்ட ஒரு மேஸ்திரியிடமே செலவை ஏற்றுக்கொண்டு செய்யச் சொன்னேன், அவர் செய்து கொடுத்தது குறையற்றது. கேட்காமல் யாரும் செய்து தரமாட்டார்கள் என்பதால், இதைக் கேட்கும் வழக்கம் பரவினால் எல்லோருக்கும் நல்லது.

சென்ற ஆண்டு வேறொரு பட்டறையில் பேரிங் இடைவெளியைக் கைப்பதத்தில் சொல்லிவிட்டு மூடப் பார்த்தார்கள். மைக்ரோமீட்டரும், பேரிங் இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் இழையும் இல்லாத இடத்தில் பந்தய என்ஜினைக் கொடுக்கக் கூடாது. முக்கிய பேரிங்குகள், கனெக்டிங் ராட் பேரிங்குகள், ஹெட் போல்ட்டுகள், ஹெட் கேஸ்கெட் ஆகியவை அனைத்தும் புதியனவாக, நிறுவன உதிரிபாகங்களாகவே இருக்கட்டும். ரிங்கின் முனை இடைவெளியை, எல்லைக்குள் சற்று அகலமான பக்கமே வைத்துக்கொள்ளலாம். சூட்டில் முனைகள் ஒன்றையொன்று முட்டினால் பிஸ்டனின் தலையே பிளந்துவிடும்.

பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் எந்த வண்டிக் கட்டுரையும் முடியாது. பிராக்கெட்டுகள், ரேடியேட்டர் விசிறியின் உறை, ஒயரிங் கனெக்டர்கள், ஸ்பேர் ஆல்டர்னேட்டர் என்று எத்தனையோ பொருள்களுக்கு அதற்கு இணையான சந்தை தென்னிந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை. டர்போவையும் இன்ஜெக்டரையும் மட்டும் அங்கே வாங்குவதில்லை என்று முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த என்ஜினின் டென்சோ இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் அதன் அளவு வேறுபாட்டைக் குறிக்கும் குறியீடு உண்டு. டெஸ்ட் பெஞ்சில் சோதித்து அந்தக் குறியீட்டை என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியான இசியுவில் ஏற்றாவிட்டால் நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவு டீசல் குடிக்கமாட்டா. எரிபொருள் பம்புக்குள் புகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு அழுக்கை விரும்பாத பொருள், ஆகவே டேங்குக்கும் பம்புக்கும் இடையே நீர் பிரிக்கும் கூடுதல் ஃபில்டர் ஒன்று கட்டாயம்.

என் செலவில் பாதிக்கு மேல் என்ஜினுக்கு வெளியே போயிற்று. அதுவே சரி என்பது என் துணிபு. சூட்டின் கணக்கைப் பாருங்கள். கூலன்ட் 95 டிகிரியில் ஓடும்போது வெளிக்காற்று 20 டிகிரி என்றால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் வெப்பநிலை வேறுபாடு 75. சென்னையின் மே மாதத்து 40 டிகிரியில் அது 55 ஆகிவிடுகிறது. அதாவது அதே ரேடியேட்டர் கால்பங்குக்கு மேல் திறனை இழந்து நிற்கும் நேரத்தில், நாம் 134-ஐ 162 குதிரைசக்தி ஆக்கி அதனிடம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வெப்பத்தை வெளியேற்றச் சொல்கிறோம். வேகம் குறைந்த மணற்பாதையில் எதிர்க்காற்றும் உதவாது. எனவே தடித்த அலுமினிய ரேடியேட்டர், முழு உறையோடு கூடிய விசிறி, பெரிய இன்டர்கூலர், ஆயில் கூலர் ஆகிய நான்கும் இசியுவின் நிரலை மாற்றும் ரீமேப்புக்கு முன்பே வண்டியில் ஏறியிருக்க வேண்டும். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயான ரெயிலின் அழுத்த உணரியை ஏமாற்றிக் கூடுதல் டீசல் பாய்ச்சும் மலிவான டியூனிங் பெட்டிகளைத் தொடவே வேண்டாம். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் வருவது கரும்புகையும் உருகிய பிஸ்டனும்தான். டர்போவுக்கு முன்னால் ஒரு வெளிப்போக்கு வெப்பமானி பொருத்தி, முள் 700 டிகிரியைத் தாண்டி நிலைத்து நிற்காதபடி ரீமேப் செய்யச் சொல்லுங்கள். உச்ச எண்ணை மட்டும் காட்டி, வெப்பநிலை வரைபடத்தைத் தர மறுக்கும் டியூனரிடம் வேலை கொடுப்பதில் பொருளில்லை.

காற்றும் அப்படியே. டர்போ ஒரு பார் கூடுதல் அழுத்தம் (பூஸ்ட்) தரும்போது, 3,600 சுற்றில், இந்த என்ஜின் நிமிடத்துக்கு எட்டாயிரம் லிட்டருக்குக் குறையாமல் காற்றை உள்ளிழுக்கும். முன்னே செல்லும் வண்டியின் புழுதியும் அதில் அடக்கம். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் பந்தயத் தோற்றம் தரும், ஆனால் நுண்துகளைப் பிடிப்பதில் தரமான காகித ஃபில்டரை அது மிஞ்சுவதில்லை. காற்றைக் கூரை உயரத்தில் உள்ளிழுக்கும் ஸ்நார்க்கல் குழாயின் தலையில் சுழற்சி முறையில் புழுதியைப் பிரிக்கும் முன்வடிகட்டியும், உள்ளே பெரிய காகித ஃபில்டரும் என்பதே என் ஏற்பாடு. என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் தடுப்புத் தகடுகள் பற்றவைக்க ஒரு நாள் வேலைதான். பக்கச் சரிவில் ஆயில் பம்பின் வாய் காற்றை உறிஞ்சாமல் காக்கும்.

குதிரைசக்தி ஆசை இதற்கும் அடங்காதவர்களுக்கு ஒரு நேர்மையான வழி உண்டு. இசுசுவின் எம்யு-எக்ஸ் வண்டியில் வந்த 3 லிட்டர் 4ஜேஜே1 இதே குடும்பம், இதே 95.4 விட்டம், பிஸ்டன் பயண நீளம் மட்டும் 87.4-க்குப் பதில் 104.9 மில்லிமீட்டர். தொழிற்சாலை நிலையிலேயே 177 பிஎஸ் (மெட்ரிக் குதிரைசக்தி), 380 நியூட்டன் மீட்டர். நீண்ட பயணத்தின் விலையாக, 4,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 14 மீட்டரை எட்டுகிறது, 2.5-இல் அது 11.7-ஐத் தாண்டாது. சேற்றிலும் பாறையிலும் குறைந்த சுற்றில் இழுக்கும் போட்டிகளுக்கு 3 லிட்டரையே தேர்ந்தெடுக்கலாம், அங்கே சுற்று ஏறுவதே அபூர்வம். ராலிக்கென்றால் கொள்ளளவு வகுப்பு மாறுமா என்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வெளியிடும் அவ்வாண்டு விதிகளையும், ஆர்சி புத்தகத்தில் என்ஜின் எண் மாற்றத்துக்கான முன் அனுமதியையும் முதலில் பார்த்துவிட்டு, பிறகு என்ஜினுக்கு முன்பணம் கொடுங்கள்.