காக்ஸ் டவுனில் ஒயின் மட்டும் விற்கும் ஒரு கடை

பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு தையல்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கிறது இந்தக் கடை. ஒயின் என்றால் ஒயின் மட்டும்தான். பிராந்தி, விஸ்கி, பீர் எதுவும் கிடையாது. கடைப் பெயரை இங்கே போடவில்லை. மதுவுக்கு விளம்பரம் மாதிரி ஆகிவிடும், வம்பு வேண்டாம் தம்பி என்று கடைக்கார அக்கா சொல்லிவிட்டார். மார்க்கெட்டில் யாரிடமாவது தமிழில் கேட்டாலே போதும், வழி காட்டுவார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது வேலை. அதனால் எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் கண் தேடுவது, எவ்வளவு பணம் அலமாரியில் முடங்கிக் கிடக்கிறது என்பதைத்தான். இந்தக் கடை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம், அலமாரி பெரும்பாலும் காலியாக இருந்தது.

ஐடி கம்பெனிகளில் ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பினால் இந்தப் பக்கம் முதலில் அடிவாங்குவது இந்த மாதிரிக் கடைகள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு இத்தாலி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனவர் நம் நாட்டு நாசிக் பாட்டில் ஒன்றுக்கு இறங்குகிறார். அப்புறம் 375 மில்லி பாட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார். அப்புறம் வருவதே இல்லை. பெரிய மதுக்கடையில் இது கண்ணுக்கே தெரியாது. அங்கே ரம்மும் பீரும் ஓட்டிக்கொண்டு போகும், ஒயின் ரேக் சும்மா அழகுக்கு நிற்கும். அக்காவுக்கு அப்படி முட்டுக்கொடுக்க வேறு சரக்கு இல்லை.

வரிக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. குடிக்கிற மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. ஆனால் கடை வாடகைக்கும், ஏசி ரிப்பேருக்கும், கண்ணாடி ரேக்குக்கும் 18 சதவீதம் கட்டியாக வேண்டும். மளிகைக்கடைக்காரர் என்றால் அதை விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். ஒயின் கடைக்காரர் கழிக்க வழியில்லை, அத்தனையும் கைக்காசு. அதோடு கர்நாடகத்தில் கலால் ஆண்டு ஜூலையில் பிறக்கிறது. வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஜூன் முடிவதற்குள் உரிமக் கட்டணத்துக்குப் பணம் தயாராக இருக்க வேண்டும். "டிசம்பர் ஒரு மாசம்தான் எங்களுக்குச் சோறு போடுது, மீதி மாசமெல்லாம் அதைச் சாப்பிடுது" என்றார் அக்கா. கிறிஸ்துமஸ் வந்தால் இந்தப் பகுதியில் பாதி வீட்டில் கேக்கோடு ஒயினும் மேஜைக்கு வரும். அதிலும் பல வீடுகளில் பெங்களூர் புளூ திராட்சையில் சர்க்கரையும் பட்டை கிராம்பும் போட்டு அவர்களே ஜாடியில் ஊறவைத்துவிடுகிறார்கள் என்பது அக்காவின் தனிக் குறை.

சரி, வாங்குபவருக்கு இதில் என்ன? நிறைய இருக்கிறது. விஸ்கி பாட்டில் மூடி திறக்காமல் பத்து வருடம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஒயின் அப்படி இல்லை. நம் நாட்டு வெள்ளை ஒயினில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டியவை. வியாபாரம் மந்தமானால் பாட்டில் நகராது. நகராத பாட்டில் வெயிலிலும் ட்யூப்லைட் வெளிச்சத்திலும் நின்று நின்று கெடும். விலை மட்டும் அப்படியே இருக்கும். இந்திரா நகர் பக்கம் ஒரு பெரிய கடையில் வாங்கிய சாவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினை வீட்டில் திறந்தபோது, நறுக்கி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசனை அடித்தது. நிறமும் நல்லெண்ணெய் மாதிரி. திருப்பிக் கொடுக்கப் போனால், திறந்த பாட்டிலை எடுப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

இந்தக் கடையில் அக்கா செய்வதைக் கவனியுங்கள். பாட்டிலை எடுத்ததும் லேபிளில் வருடம் இருக்கும் பக்கத்தைத் திருப்பி உங்களிடம் காட்டுவார். நம் ஊர் அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நடக்கிறது, ஆகவே போன வருடம் போட்டிருந்தால் நல்ல இளசு. அடுத்து கழுத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். உறைக்குக் கீழே கார்க் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தால் அந்தப் பாட்டில் எங்கேயோ சூடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதை ஓரமாக எடுத்துவைத்துவிடுவார், விற்க மாட்டார். கார்க் பாட்டில்களெல்லாம் படுக்கவைத்த வாக்கில் இருக்கும், திருகுமூடி பாட்டில்கள் மட்டும் நிற்கும். ஏப்ரல் மாதம் பெங்களூரும் இப்போது கொதிக்கிறது. மின்சாரச் செலவு கட்டுப்படியாகாமல் மற்ற விளக்குகளையெல்லாம் குறைத்துவிட்டு, பின்னறை ஏசியை மட்டும் அவர் அணைப்பதே இல்லை. சிக்கனத்தை எங்கே பிடிப்பது, எங்கே பிடிக்கக்கூடாது என்று தெரிந்த கை.

ரகம் குறைவுதான். தொட்டபள்ளாபூரில் 1988-இல் ஆரம்பித்து இப்போது குரோவர் ஜாம்பா ஆகிவிட்ட நம்ம ஊர் ஆலை, நாசிக்கின் சூலா, அக்லூஜ் பக்கத்து ஃப்ரதெல்லி, இன்னும் சில சின்னப் பெயர்கள். ஒவ்வொன்றிலும் சில பாட்டில்கள்தான். தீர்ந்தால் மறுபடி கொஞ்சம் எடுக்கிறார். பெட்டி பெட்டியாக வாங்கினால்தான் லாபம் என்று விற்பனைப் பிரதிநிதிகள் நச்சரித்தாலும் அசைவதில்லை. இறக்குமதிக்கு ஒரே ஒரு தட்டு. 150 சதவீதச் சுங்கம் போட்டு வரும் மலிவு பிரெஞ்சு பாட்டிலுக்குக் கொடுக்கும் காசில் நல்ல இந்திய ஒயின் கிடைக்கும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த பிறகு, குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட அவர்கள் ஒயினுக்குச் சுங்கம் படிப்படியாக இறங்குகிறது. அதனால் அந்தத் தட்டில் பாதி ஆஸ்திரேலியா. மாநில வரி தனியாக நிற்பதால் பில்லில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவல், அதற்கு ஒரு கேபர்னே சிவப்பு ஒயின் கொடுங்கள் அக்கா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, காரத்தோட அது சேர்ந்தா நாக்கு வறண்டு கசக்கும்" என்று, விலை குறைந்த, லேசாக இனிக்கும் செனின் பிளாங் வெள்ளை ஒயின் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கச் சொன்னார். காரம் அடங்கியது, மிளகின் மணம் மட்டும் நின்றது. சிவப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்குக் கனம் குறைந்த ஷிராஸ் பரிந்துரைக்கிறார். மாஸ்க் ரோடு பிரியாணிக்கு அது பொருந்துகிறது, வஞ்சிர வறுவலுக்குப் பொருந்தவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ருசிபார்க்க ஊற்றித் தர மாட்டார்கள், மூடிய பாட்டில் விற்கும் கடையில் அது முடியாது என்பது புரிகிறது. ஆனால் ஒரு சின்ன அட்டையில் நாலு வரி எழுதிவைக்கலாமே? அக்கா இல்லாத நேரத்தில் கல்லாவில் உட்காரும் பையனுக்குச் சிவப்பு, வெள்ளை தவிர ஒன்றும் தெரியாது. கேட்டால் விலை அதிகமானதை நீட்டுவான். அந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்துக்கு நான்குதான் கொடுப்பேன். அரை பாட்டில்களும் இன்னும் கூடுதலாக வைக்கலாம். தனியாக இருப்பவர்களும் கையைச் சுருக்கியவர்களும் கேட்பது அதைத்தான். ஆலைகளே எல்லா ரகத்திலும் போடுவதில்லை என்கிறார் அக்கா. அதுவும் நியாயம்தான்.

வண்டி நிறுத்த இடமில்லை, மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். குளிர்ந்த பாட்டில் வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போன் செய்தால் எடுத்துவைப்பார்கள். தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் கடை திறக்காது, அக்டோபர் 2 அன்றும் கிடையாது. டிசம்பர் மூன்றாவது வாரத்துக்கு மேல் போனால் அக்காவோடு பேச முடியாது, கூட்டம் அப்படி. நிதானமாகக் கேட்டு வாங்க நினைப்பவர்கள் செவ்வாய், புதன் மதியம் போங்கள். அப்போது கடையில் அவரும் ஃபேனும்தான் இருப்பார்கள்.