கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் பக்கத்தில் ஒரு மாலை வகுப்பு: சிங்களமும் சங்கீதமும்

தரம் 4 படிக்கும் மகளை ஆறு மாதமாக இங்கே சைக்கிளில் ஏற்றி இறக்குகிறேன். தகரக் கூரையின் கீழ் முதல் ஒரு மணித்தியாலம் சிங்களம், பிறகு சங்கீதம்.

சிங்களம் சொல்லித்தரும் அக்காவுக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். முதல் மாதம் கொப்பியே திறக்கவில்லை, காதுக்குத்தான் வேலை. மாங்காய்க்குச் சிங்களத்தில் 'அம்ப'. எங்கள் பிள்ளைகள் அதை 'அம்பு' போல இழுத்து அழுத்துவார்கள். அந்த மொழியிலோ மூக்கொலி தொட்டும் தொடாமலும் ஓடிவிட வேண்டும். அக்கா கைதட்டித் தட்டியே அதைப் பிடிக்க வைத்தார். பஸ் நடத்துநரிடம் மகள் சிங்களத்தில் மிச்சக்காசு கேட்டபோது நான் வாயடைத்துப் போனேன். பத்து வருடமாக அந்தப் பாதையில் போய்வருபவன் நான்!

சங்கீதத்தில்தான் குறை. ஸ்வரங்களைப் பாடும் முதற் பயிற்சியான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவது முறைதான். ஆனால் முதற்காலமே, அதாவது மெதுவான வேகமே, நிற்காத பிள்ளைகளை மிக வேகமான மூன்றாம் காலத்துக்கு விரட்டுகிறார்கள். ஆதார ஒலியை விடாமல் கொடுக்கும் சுருதிப்பெட்டி இல்லை. கீபோர்ட்டில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்திருக்கிறார் ஆசிரியர், கை வலித்தால் சுருதியும் நிற்கும். மழை பெய்தாலோ தகரம்தான் மிருதங்கம்.

கட்டணம் குறைவு, பிந்தினாலும் முகம் சுளிப்பதில்லை. அடுத்து வருவது தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டு; அப்போது இதை நிறுத்தச் சொல்கிறார் மாமியார். நான் சிங்களத்தை நிறுத்த மாட்டேன். சங்கீதத்துக்கு வேறு இடம் விசாரிக்கிறேன்.