மலாய்த் திருமணத்திற்குத் துணி எடுத்த மஸ்ஜித் இந்தியா சாலைக் கடை

கோயம்புத்தூரிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து மூன்றாண்டுகள் ஆன நிலையில், சென்ற மாதம்தான் முதன்முறையாக ஒரு மலாய்த் திருமணத்திற்கு எனக்கு அழைப்பு வந்தது. மணப்பெண் என் அலுவலகத் தோழி. தோழியர் அனைவரும் மலாய்ப் பெண்களின் மரபுடையான பாஜு குரோங் (தளர்வான நீண்ட மேலாடையும் பாவாடையும்) உடுத்தி வருவதாகவும், நானும் அப்படியே வந்தால் மகிழ்ச்சியாக இருக்கும் என்றும் அவள் கேட்டுக்கொண்டதால், பட்டுச்சேலையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு மஸ்ஜித் இந்தியா சாலைக்குச் சென்றேன். அங்கே ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் நடத்தும் துணிக்கடையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1863-இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய அந்தச் சாலையில், மலாய் தெரியாதவர்களும் தமிழிலேயே விலை கேட்டுப் பேரம் பேசித் துணி வாங்கிவிடலாம். ஆனால் இந்தக் கடையின் சிறப்பு அதுவன்று. கல்லாவில் இருக்கும் பெரியவர், என்ன விசேஷம் என்று கேட்காமல் ஒரு துணியையும் விரிப்பதில்லை. "பொண்ணு வீட்டு விருந்தாம்மா, மாப்பிள்ளை வீட்டு விருந்தா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இரு வீட்டாரும் தனித்தனியே விருந்து வைப்பது இங்கு வழக்கம் என்பதும், குடும்பத்தார் ஒரே நிறத்தில் உடுத்துவார்கள் என்பதும், அந்த நிறத்தை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன.

பொன்னிழை நெய்த சொங்கெட் துணியைக் கண்டதும் அதையே எடுக்க ஆசைப்பட்டேன். அன்றைக்கு மணமக்கள்தாம் 'ஒருநாள் அரசர்கள்', சொங்கெட் அவர்களுக்குப் பொருந்தும், விருந்தாளிக்கு மெல்லிய பூவேலைத் துணியே அழகு என்று சொல்லி, அதைவிடப் பல மடங்கு விலை குறைந்த துணியை எடுத்துத் தந்தார். விற்பனையை இழந்தும் சரியானதைச் சொல்லும் கடைக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மொய் எழுதுவதற்கு மேசையும் நோட்டும் எதிர்பார்க்க வேண்டாம், விடைபெறும்போது உறையைக் கைக்குள் வைத்து, பெண்ணின் தாயாருக்கு சலாம் கொடுக்கையில் சேர்த்துவிட வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

தையலில்தான் குறை. நான்கு மீட்டர் துணிக்கு 72 ரிங்கிட்டும், கடை வழியாகவே ஒப்படைத்த தையலுக்கு 80 ரிங்கிட்டும் கொடுத்தேன். பத்து நாளில் தருவதாகச் சொன்ன உடை பதினான்காம் நாள்தான் கைக்கு வந்தது. அதுவும் சுடிதார் அளவில் உடம்பைப் பிடித்தபடி தைக்கப்பட்டிருந்தது. பாஜு குரோங்கின் உயிரே அதன் தளர்ச்சியில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் 'பெசாக்' என்னும் துண்டையும், அக்குளில் 'கெகெக்' என்னும் சிறு துண்டையும் சேர்த்துத் தைத்தால்தான் கையைத் தூக்கும்போது மேலாடை இழுபடாது. என் உடையில் கெகெக் இல்லவே இல்லை. பெரியவர் வருத்தம் தெரிவித்து, கூடுதல் பணம் வாங்காமல் மீண்டும் தைத்துக் கொடுக்க வைத்தார் என்றாலும், திருமணத்திற்கு முந்தைய நாள் மாலை வரை நான் பட்ட பதற்றத்தை மறைக்க மாட்டேன்.

அந்தச் சிறு துண்டின் அருமை மண்டபத்தில் புரிந்தது. மணமேடையில் அமர்ந்திருந்த இணையரை வாழ்த்த, உறவினர்களுக்குப் பின் என்னையும் அழைத்தார்கள். பன்னீரைத் தெளித்து, மஞ்சள் அரிசியைத் தூவக் கையை உயர்த்தியபோது உடை எங்கும் பிடிக்கவில்லை. ஊரில் அட்சதை போடும் அதே கை, அதே மஞ்சள், அதே பன்னீர் மணம். வீட்டுத் திருமணங்களுக்கு மூன்றாண்டுகளாகப் போக முடியாத எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

துணிக்கும் ஆலோசனைக்கும் இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தையலையும் இங்கேயே கொடுப்பதாக இருந்தால் ஒரு மாதமாவது முன்னதாகச் செல்லுங்கள். பெசாக், கெகெக் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். நோன்பு மாதம் நெருங்கினால் பெருநாள் உடைகள் குவிந்து, தையற்காரர்கள் தைப்பதற்குப் புதிய துணியை ஏற்பதையே நிறுத்திவிடுவார்கள்.