'பயோ டாய்லெட்' என்ற பேச்சை நம்பி நடமாடும் கழிப்பறை வண்டி எடுத்தோம்: விழா நடத்துவோர் கவனத்திற்கு

மதுராந்தகம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊர்க் கோயிலுக்குத் தை மாதத்தில் குடமுழுக்கு நடந்தது. இரண்டு நாள் யாகசாலை, இரண்டு வேளை அன்னதானம், வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் என்று ஆயிரத்து ஐந்நூறு பேராவது வருவார்கள் எனக் கணக்கிட்டு, பெண்களும் முதியவர்களும் தோப்பைத் தேடி அலையக் கூடாது என்பதற்காக, பத்து அறைகள் கொண்ட நடமாடும் கழிப்பறை வண்டி ஒன்றை வாடகைக்கு எடுப்பதென்று விழாக் குழுவில் முடிவு செய்தோம். அதை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. என்ன தவறு செய்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்னைப் புறநகரைச் சேர்ந்த ஓர் ஒப்பந்ததாரர் இரண்டு நாளுக்கு 45,000 ரூபாய் கேட்டார். மற்ற இருவர் கேட்டதைவிட இது குறைவு. காரணம் கேட்டபோது, "இது பயோ டாய்லெட் சார், பாக்டீரியாவே எல்லாவற்றையும் தின்றுவிடும், லாரி வைத்துக் கழிவு உறிஞ்ச வேண்டியதில்லை, அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம்" என்றார். நானும் நம்பி 25,000 ரூபாய் முன்பணத்தை அலைபேசி வழியாக அனுப்பினேன். எழுத்தில் என்னிடம் இருந்தது, வாட்ஸ்அப்பில் வந்த மூன்று வரி மட்டுமே.

அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு என்பதால்தான் அது எளிதில் ஏமாற்றுகிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, சியாச்சின் போன்ற பனிப்பகுதிகளில் இருக்கும் படையினருக்காக உருவாக்கிய பயோ டைஜெஸ்டர் தொட்டி மெய்யான தொழில்நுட்பம்தான். ரயில் பெட்டிகளிலும் அது இருக்கிறது. ஆனால் காற்றில்லாத் தொட்டிக்குள் வளர்க்கப்பட்ட நுண்ணுயிர்கள் மலத்தைச் சிதைக்க நாள் கணக்கில் அவகாசம் வேண்டும். பினாயிலோ ஆசிட்டோ ஊற்றினால் அவை மடிந்துவிடும். தண்ணீர் எங்கும் மறைந்து போவதில்லை; உள்ளே எவ்வளவு போகிறதோ அவ்வளவு வெளியே வந்தாக வேண்டும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தும் சிறிய வண்டித் தொட்டியில் 'எல்லாவற்றையும் தின்றுவிடும்' என்பதற்கு வழியே இல்லை. எங்களுக்கு வந்த வண்டியிலோ நுண்ணுயிர் இருந்ததற்கான அடையாளமே கிடையாது. இரும்புத் தகட்டுத் தொட்டி ஒன்றும், நான்கு கேன் பினாயிலும்தான் இருந்தன.

காலையில் வர வேண்டிய வண்டி இருட்டிய பிறகு டிராக்டரில் கட்டி இழுத்து வரப்பட்டது. பத்துக் கதவுகளில் இரண்டு பூட்டிக் கிடந்தன, மூன்றில் தாழ்ப்பாள் இல்லை. இரண்டு பணியாளர்கள் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் மட்டும். விளக்குக்கான பேட்டரி முதல் இரவிலேயே ஓய்ந்துவிட்டதால், பெண்கள் அலைபேசி வெளிச்சத்தில் போய் வந்தார்கள்.

வண்டியை நிறுத்திய விதம்தான் மற்ற எல்லாக் கோளாறுக்கும் தொடக்கம். இத்தகைய வண்டியின் நான்கு மூலையிலும் ஜாக்கி இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமன் செய்ய வேண்டும். அப்போதுதான் அறைகளிலிருந்து வரும் குழாய்கள் தொட்டியை நோக்கிச் சரியான வாட்டத்தில் இருக்கும். எங்கள் வண்டிக்கு ஜாக்கியே வரவில்லை. செங்கல்லை அடுக்கி வைத்தார்கள். மேல்தொட்டியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே ஒரு டன் எடை. அறுவடை முடிந்து ஈரம் காயாத நிலத்தில் ஒரு பக்கச் சக்கரம் நள்ளிரவுக்குள் அரை அடி புதைந்துவிட்டது. சரிந்த பக்கத்து மூன்று அறைகளில் கழிவு இறங்காமல் கோப்பையிலேயே தேங்கி நின்றது. எங்கள் ஊர்க் கொத்தனார் காலையில் வந்து பார்த்துவிட்டு, கருங்கல் பலகை போட்டுத் தூக்கியிருந்தால் அரை மணி நேர வேலை என்றார்.

கொள்ளளவை நான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். விழா முடிந்த பிறகே கழிவுத் தொட்டியை அளந்தேன். நீளம் 8 அடி, அகலம் 4 அடி, உயரம் ஒன்றரை அடி. கன அடிக்கு 28 லிட்டர் என்றால் ஏறத்தாழ 1,350 லிட்டர். நம் ஊரில் ஒருவர் ஒரு முறை போய்வந்தால் குவளைத் தண்ணீர் ஐந்து லிட்டராவது செலவாகும் என்று வைத்துக்கொண்டால், 270 பேருக்குத் தொட்டி நிரம்பிவிடும். ஆயிரத்து ஐந்நூறு பேர் வரும் விழாவுக்கு இதைத்தான் கொடுத்திருந்தார்கள்.

அப்படியானால் முதல் நாள் இரவு நிரம்பிய தொட்டி, இரண்டாம் நாள் அதிகாலையில் எப்படிக் காலியாக இருந்தது? மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. இரவில் வால்வைத் திறந்து, எங்கள் ஊர்ச் சித்தேரிக்குப் போகும் கால்வாயில் முழுக் கழிவையும் விட்டிருக்கிறார்கள். வண்டியைக் கால்வாய் ஓரமாகவே நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்ததாரர் பிடிவாதம் பிடித்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பையனைக் கேட்டபோது, "எல்லா ஊரிலும் இப்படித்தான் ஐயா செய்யச் சொல்வார்கள்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். குடமுழுக்கு நாளன்று காலையில் இளைஞர்கள் சிலர் கால்வாயை மண்ணால் அணைத்துச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார்கள்.

அதைவிட அஞ்சத்தக்கது அன்று காலை எட்டு மணிக்கு நடந்தது. தொட்டி மறுபடி நிரம்பி, வாய்ப்பகுதியில் துணி அடைத்துக்கொண்டது. ஒப்பந்ததாரர் தொலைபேசியிலேயே அந்தப் பையனிடம், மூடியைத் திறந்து உள்ளே குனிந்து கையால் எடுக்கச் சொன்னார். கையுறைகூட இல்லாமல் அவன் மூடியைத் தூக்கிவிட்டான். அருகில் நான் இருந்ததால் கையைப் பிடித்து இழுத்தேன். மூடிய கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கியிருந்தால், குனிந்தவர் நிமிராமலே போய்விடக்கூடும். கழிவுநீர்க் குழியையும் கழிவுத் தொட்டியையும் பாதுகாப்பின்றி மனிதரைக் கொண்டு சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடியாக அமர்த்தினாலும் வேறொருவர் மூலம் அமர்த்தினாலும் குற்றம்தான், முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. இத்தகைய இறப்புகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 'ஆள் அவருடையது, நமக்கென்ன' என்று விழாக் குழு ஒதுங்கிக்கொள்ள முடியுமா என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் உள்ளூர நடுக்கம்தான்.

கடைசியில் நாங்களே கழிவுநீர் லாரி ஒன்றை வரவழைத்தோம். மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் அமைந்தது எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கருங்குழியில்தான். லாரிக்காரர் இரண்டு நடையும் அங்கேயே கொண்டுபோய் இறக்கினார். இவ்வளவு அருகில் முறையான இடம் இருந்தும், இரண்டு நடை லாரி வாடகையை மிச்சம் பிடிக்க ஒருவர் ஏரிக் கால்வாயைக் கெடுத்தார் என்பதைத்தான் ஊரில் யாராலும் பொறுக்க முடியவில்லை.

மீதி 20,000 ரூபாயை நாங்கள் தரவில்லை. அதற்கு அவர் மிரட்டல் தொனியில் பேசினார். ரசீது கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். நாற்பத்தெட்டாம் நாள் மண்டலாபிஷேகத்துக்கு வேறொருவரிடம் வண்டி எடுத்தோம். அவர் வாடகை கூடுதல்தான். ஆனால் தொகையைச் சொல்வதற்கு முன்பே, தரை கெட்டியா, லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் பாதை இருக்கிறதா, எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். கழிவுத் தொட்டியின் கொள்ளளவு, எத்தனை முறை உறிஞ்சப்படும், எங்கே இறக்கப்படும், ஒவ்வொரு நடைக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் சீட்டு, பணியாளர் எண்ணிக்கை, கையுறையும் காலணியும் யார் பொறுப்பு என்பனவற்றை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். பெண்களுக்கான அறைகளை எதிர்ப்புறம் திருப்பி நிறுத்தியதும், உள்ளே மூடியுள்ள குப்பைக்கூடை வைத்ததும் நாங்கள் கேட்காமலேயே செய்தவை. துணியும் நாப்கினும் கோப்பைக்குள் விழாமல் இருந்ததற்கு அந்தக் கூடைதான் காரணம்.

முன்பணம் என் கணக்கிலிருந்து போனதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் என் பெயரிலேயே மனு கொடுக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை; நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்திருக்கிறேன். செங்கல் மேல் நின்ற வண்டி, திறந்திருந்த வால்வு, கால்வாய் ஆகியவற்றை அன்று காலையே ஊர் இளைஞர்கள் படம் எடுத்து வைத்திருந்தது இப்போது கைகொடுக்கிறது. இதேபோன்ற வண்டியால் அவதிப்பட்ட வேறு விழாக் குழுவினர் இருந்தால், உங்கள் வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாதீர்கள்.