வார நாள் இரவு நடைக்கு எந்தக் கடற்கரை: மெரினாவா, பெசன்ட் நகரா, திருவான்மியூரா?

சென்னையில் வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கடலோரம் நடக்க நினைப்பவருக்கு மூன்று இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையை வைத்து இவற்றை எடை போடக் கூடாது. அன்று மூன்றுமே திருவிழாதான். திங்கள் முதல் வியாழன் வரை, இரவு ஏழரைக்கு மேல் போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு விதம். என் ஓட்டு திருவான்மியூருக்கு. ஆனால் எல்லோரையும் எல்லா நாளும் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

முதலில் மெரினா. உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடைபாதை. வெளிச்சம் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு, கால் இடறாது. வேகமாக நடந்து வியர்க்க வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல தளம் நகரத்தில் குறைவு. குறை என்னவென்றால், அங்கே நடக்கும்போது கடல் நம்மோடு வராது. மணற்பரப்பு சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல் அகலம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. அந்த மணல் இந்தப் பக்கம் சேர்ந்துகொண்டே போனது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. அதனால் மெரினா நடைபாதையில் காதில் விழுவது காமராஜர் சாலையின் பஸ் சத்தம்தான். அலையைக் கேட்க வேண்டுமானால் பொதபொதவென்ற மணலில் கால் புதையப் புதையப் போக வேண்டும். நாள் முழுக்க வேலை பார்த்த கால்களுக்கு அது கொஞ்சம் அதிகம்.

ஒரு விஷயத்தில் மெரினாவை மனதார மெச்ச வேண்டும். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சீர் செய்தார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை அலைக்குப் பக்கத்தில் கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் மேலே யோசிக்காமல் மெரினாவுக்கே கூட்டிப் போங்கள்.

பெசன்ட் நகரில் சாலைக்கும் அலைக்கும் நடுவே மணல் அளவாக இருக்கும். சாலையோரக் கடைகளின் வெளிச்சம் மணலின் பாதி வரை வந்து விழும், அதைத் தாண்டினால் இருட்டு தொடங்கும். இரண்டும் சேர்ந்து கிடைப்பதுதான் இந்த இடத்தின் பலம். தனியாக வரும் பெண்கள், வயதான அம்மா அப்பாவோடு வருபவர்கள், நடந்த பிறகு ஒரு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்கள், எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். வார நாளில் எட்டரைக்கு மேல் கூட்டம் கலைந்து, குடும்பம் குடும்பமாக அங்கங்கே சிலர்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மட்டும் அமைதியை எதிர்பார்க்க வேண்டாம். வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்தே வருபவர்களால் வழியெல்லாம் நிறைந்திருக்கும்.

மணலில் நிற்கும் வெள்ளை வளைவு கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி அவர். இந்தக் கரை முழுக்க அடியில் இழுவை உண்டு. இரவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவே கூடாது. வடக்கே அடையாறு முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்துக்கும் இருட்டிய பிறகு போக வேண்டாம். பகலில் பார்த்தால் போதும்.

சரி, திருவான்மியூர். கடைவரிசை கிடையாது, பெரிய சாலை கிடையாது. வால்மீகி நகர்த் தெருக்கள் நேராகக் கடலில் போய் முடிகின்றன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அலை வந்து திரும்பிய ஈர மணலில் நடக்கலாம். அந்த மணல் இறுகிக் கிடக்கும், கால் புதையாது. ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போகும்போது ஒரு கால் தாழும், வரும்போது மறு கால். அதனால் போன தூரத்தை அதே வழியில் திரும்பி வந்தால் முட்டிக்கு நல்லது. நண்டுகள் காலடி அதிர்வு கேட்டுப் பக்கவாட்டில் ஓடி வளைக்குள் மறையும். பேச்சுத் துணைக்கு யாரும் வேண்டாம் என்று தோன்றும் நாட்களுக்கு இந்த இடத்தை மிஞ்ச எதுவுமில்லை.

கவனிக்க வேண்டியவையும் இங்கேதான் அதிகம். மீனவர் குப்பத்துப் பக்கம் படகைக் கட்டிய கயிறு முழங்கால் உயரத்தில் போகும், இருட்டில் தெரியாது. வலைக் குவியலை மிதிக்கக் கூடாது, அது அவர்களின் பிழைப்பு. தெருநாய்கள் கூட்டமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அலை மேலேறி, நடக்க இடமே இல்லாமல் போகும். துணையோடு போவது நல்லது.

செல்போன் விளக்கை அடித்துக்கொண்டே நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிட ஏறும் கரை இது. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் நகரும். நம் விளக்கைப் பார்த்தால் கடலை விட்டு ஊருக்குள் திரும்பிவிடும். விளக்கை அணைத்தால் நமக்கும் லாபம் உண்டு. 2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி இந்தக் கரையோரம் அலைகள் நீலமாக மின்னின. கடலில் பெருகிய நுண்ணுயிரிகளின் ஒளி அது. இருட்டு இருந்த இடத்தில்தான் அது நன்றாகத் தெரிந்தது.

நாள் பார்த்துப் போவதானால் பௌர்ணமியை விட அதற்கு அடுத்த இரண்டு நாட்கள் மேல். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்திலேயே எழுந்துவிடும், ஆபீசிலிருந்து வருவதற்குள் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருக்கும். அப்புறம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தாமதம். இரண்டாம் நாள் ஏழரை, எட்டு மணிவாக்கில் நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே கடலிலிருந்து செக்கச்செவேலென்று கிளம்பும். எந்தக் கரையானாலும் பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள்; அதற்கு மேல் ரோந்துப் போலீஸ் வந்து எழுப்பி அனுப்புவது வழக்கம்.